மார்கழிக் குளிரிலும் வியர்க்கிறதே! – வாசகியர் கேள்வி பதில்

மாதவிடாய் நிற்கும் பருவம் பற்றி நீலகிரி வாசகியர் அனுப்பிய கடிதங்களுக்கு எங்கள் மகளிர் நல மருத்துவக் குழுவின் பதில்கள்.

எனக்கு வயது 48. ஆறு மாதமாக நாள் தள்ளித் தள்ளி வருகிறது. இங்கே ராத்திரியில் நடுங்குகிற குளிர். ஆனாலும் இரண்டு மணி வாக்கில் குப்பென்று சூடேறி நைட்டி நனைந்துவிடுகிறது. கம்பளியை உதறினால் உடனே பல் கிட்டுகிறது. பிரஷர் என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, கோத்தகிரி

இது பிரஷர் இல்லை என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். ஆனால் நீங்கள் சொல்வது பெரும்பாலும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கிக் குறைவதால் வரும் சூடுதான். உடல் வெப்பத்தைக் காக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் இந்தப் பருவத்தில் மிகச் சிறிய மாற்றத்தையும் பொறுக்காது. இத்துனூண்டு கூடினாலும் தோலின் ரத்தக்குழாய்களை விரித்து வியர்க்க வைத்துவிடும். ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் அடங்கும். வியர்வை ஆறும்போது உடம்பு குளிர்ந்து நடுக்கம் வருகிறது.

மலையில் சிக்கல் எங்கே என்றால், குளிருக்காக நாம் செய்யும் ஏற்பாடுகள்தான் இதைக் கூட்டுகின்றன. கம்பளியும் நைலானும் உடம்பை ஒட்டி இருக்க வேண்டாம். உள்ளே பருத்தி, அதன் மேல் முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர் போதும். தலைவழியாகக் கழற்றும் ஸ்வெட்டரைத் தூக்கக் கலக்கத்தில் கழற்றுவதற்குள் பாதி ராத்திரி போய்விடும். ஒரே கனத்த ரஜாய்க்குப் பதில் பருத்திப் போர்வை ஒன்று, மெல்லிய கம்பளி இரண்டு என்று அடுக்கிக்கொண்டால் தேவையானதை மட்டும் தள்ளிவிடலாம். மாற்று நைட்டியும் துண்டும் தலைமாட்டில் இருக்கட்டும். ஈரத்துணியோடு படுத்தால்தான் நடுக்கம் நீள்கிறது. கடைசி டீ மாலை நான்கு மணிக்கு. காரமும் மதுவும் தூண்டுகிறதா என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம்: அறையைச் சூடாக்க மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை வாங்கும்.

இவையெல்லாம் சூடேறுவதை நிறுத்தாது, தூக்கத்தை ஓரளவு காப்பாற்றும். தினமும் தூக்கம் கெட்டு, வேலை பார்க்க முடியவில்லை என்றால் ஹார்மோன் சிகிச்சைதான் மிகச் சிறந்த பலன் தருவது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம். கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோனும் கட்டாயம் சேர வேண்டும். இல்லையென்றால் கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய்க்கு இடம் கொடுக்கும். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்களுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் இது சரிவராது. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மாத்திரைகள் உண்டு.

தைராய்டுக்கு டி.எஸ்.எச். பரிசோதனையும் செய்துவிடுங்கள். வியர்வையோடு சாயங்காலக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைவு இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை முதலில்.

வயது 46. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். இருபது நாளைக்கு ஒருமுறை வந்து பத்து நாள் போகிறது, கட்டி கட்டியாக. வாழைப்பூச் சாறு குடிக்கிறேன். மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்கிறார் நாத்தனார்.
– வாசகி, குன்னூர்

அப்படித்தான் இருக்கும் என்று விடக்கூடாது, அம்மா. இந்த வயதில் சில மாதங்கள் கருமுட்டை வெளிவராது. அப்போது புரோஜெஸ்ட்ரோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் வேலை செய்து கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும், பிறகு அது மொத்தமாக உடைந்து வரும். கருப்பையில் வளரும் நார்த்திசுக் கட்டி, தைராய்டு, சில வேளை புற்றுநோயின் தொடக்கம்கூடக் காரணமாகலாம். ஏழு நாளுக்கு மேல் போவது, 21 நாளுக்குள் திரும்ப வருவது, மணிக்கு ஒரு நாப்கின் நனைவது, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலே டாக்டரிடம் போக வேண்டும். ஹீமோகுளோபின், டி.எஸ்.எச்., வயிற்று ஸ்கேன் எடுப்பார்கள். 45 வயது தாண்டியதால் உட்சுவர்த் திசுவையும் எடுத்துப் பரிசோதிக்கச் சொல்வார்கள். மறுக்காதீர்கள்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்று யாராவது முதல் நாளே சொன்னால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள். போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை, புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப் என்று அதற்கு முன் வழிகள் இருக்கின்றன.

மூச்சு வாங்குவது ரத்தசோகையாக இருக்கலாம். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் அதை டீயோடு விழுங்கினால் பாதி வீண். டீயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். எலுமிச்சைத் தண்ணீரோடு போடுங்கள், ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ தின்னுங்கள். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. வயிறு குமட்டினால் நிறுத்தாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பில் இருப்பு சேரும். வாழைப்பூவைக் கூட்டாகச் சாப்பிடுங்கள், நல்ல உணவு. பத்து நாள் போக்கை அது நிறுத்தாது.

மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டு ஆகிறது. எலும்புக்கு ராகி மட்டும் போதுமா?
– வாசகி, ஊட்டி

போதாது. நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 50 கிராம் ராகி மாவுக் களியில் கிடைப்பது சுமார் 180 மட்டுமே. 200 மில்லி பால் இரண்டு தம்ளருக்கு 480, ஒரு கிண்ணம் தயிருக்கு 240 அளவு, ஒரு மேசைக்கரண்டி தோல் நீக்காத எள்ளில் 100 சொச்சம். முருங்கைக்கீரையும் நெத்திலியும் மீதியை ஈடுகட்டும். மாத்திரை தேவைப்பட்டால் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடவும் வேண்டாம்.

மலையில் வைட்டமின் டி-தான் கவலை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை மூட்டம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில். வெயில் அடித்தாலும் முழுக்கை ஸ்வெட்டரும் ஸ்கார்ஃபும் தோலை மறைத்துவிடுகின்றன. வெயில் வந்த நாட்களில் காலை பத்திலிருந்து மூன்றுக்குள் கை, முழங்கால் கீழே திறந்திருக்க இருபது நிமிடம் நில்லுங்கள். ரத்தத்தில் அளவு பார்த்த பிறகே மாத்திரை. மேட்டில் நடப்பது இடுப்பெலும்புக்கு நல்லது. அதோடு நாற்காலியைக் கையால் பிடிக்காமல் பத்து முறை எழுந்து உட்காருவதைத் தினமும் மூன்று தடவை செய்யுங்கள். எலும்பு முறிவதற்கு வழுக்கி விழுவதும் ஒரு பெரிய காரணம். பாசி பிடித்த வாசற்படியைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள்.

சோயா, ஆளிவிதை, தண்ணீர்விட்டான் கிழங்கு, அசுவகந்தா எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். எதைச் சாப்பிடலாம்?
– வாசகி, கூடலூர்

சோயாவைச் சாப்பிடலாம். தினமும் 30 கிராம் காய்ந்த சோயாவை ஊறவைத்து வேகவைத்துச் சாப்பிட்டால், சிலருக்கு சூடேறுவது கொஞ்சம் குறைகிறது. 12 வாரம் பாருங்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். ஆளிவிதை சூட்டைக் குறைப்பதில்லை, மலச்சிக்கலுக்கு உதவும்: ஒரு மேசைக்கரண்டியைப் பொடித்து, நிறையத் தண்ணீரோடு. தண்ணீர்விட்டானுக்கு உறுதியான ஆதாரம் போதவில்லை. அசுவகந்தா தைராய்டு அளவை ஏற்றக்கூடும், சிலருக்குக் கல்லீரலையும் கெடுத்திருக்கிறது. அதை ஒதுக்கி வையுங்கள். பாட்டிமார் செய்த உளுந்தங்களி நல்ல புரத உணவு. சர்க்கரை உள்ளவர்கள் கருப்பட்டியைக் குறைத்துச் சிறிய உருண்டையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கணவரோடு சேர்வது வலிக்கிறது. சிறுநீர் கழித்தால் எரிகிறது. தோட்டத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிப்பதில்லை.
– பெயர் வேண்டாம், குந்தா

ஈஸ்ட்ரோஜன் குறைந்து பிறப்புறுப்பின் தோல் மெலிந்து உலர்வதால் வருவது இது. வெட்கப்பட ஒன்றுமில்லை. சோப்புப் போட்டு உள்ளே கழுவாதீர்கள், வெறும் தண்ணீர் போதும். சேரும்போது தேங்காய் எண்ணெய் உதவும். ஆனால் ஆணுறை பயன்படுத்தினால் அது கிழிந்துவிடும். மருத்துவர் எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் சில வாரங்களில் நன்றாகக் குணம் தரும். எரிச்சலுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். வேலைக்குப் போகுமுன் இரண்டு தம்ளர், திரும்பியதும் மூன்று தம்ளர் தண்ணீராவது குடியுங்கள்.

எட்டு மாதமாக வரவில்லை. வயது 47. காப்பர்-டியை எடுக்கலாமா?
– வாசகி, ஊட்டி

இப்போது வேண்டாம். 50 வயதுக்குள் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு ஆண்டு, 50க்குப் பின் நின்றால் ஓராண்டு வரை கருத்தடை தேவை.

வயது 55. நின்று மூன்று ஆண்டு. போன வாரம் உள்ளாடையில் ஒரு சிறு கறை. ‘அழுக்கு இறங்குகிறது, கஷாயம் குடி’ என்கிறார்கள்.
– வாசகி, குன்னூர்

ஓராண்டு நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது இயல்பு இல்லை. பெரும்பாலும் பிறப்புறுப்பின் உலர்ந்த தோலோ சிறு சதை வளர்ச்சியோதான் காரணம். ஆனால் இப்படி வருபவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குக் கருப்பைப் புற்றுநோய் இருக்கிறது, அதைத் தொடக்கத்தில் பிடித்தால் அறுவை சிகிச்சையிலேயே குணமாக்க முடியும். கஷாயத்தை நிறுத்திவிட்டு இந்த வாரமே பிறப்புறுப்பு வழி ஸ்கேன் செய்யுங்கள். உட்சுவர் 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் திசுப் பரிசோதனை. கறை பட்ட தேதியையும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள். போகிற அன்று மறுபடி கசிந்தாலும் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம், அப்போதும் எடுக்கலாம்.