மறு: அக்காவைப் பற்றிய கட்டுரையில் பொய்யான கைதுச் செய்தி

ஆங்கில விக்கிப்பீடியாவில் உங்கள் அக்கா "மோசடி வழக்கில் கைதானார்" என்ற பொய் வரியை நீக்கியும் அது திரும்பி வந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்கு ஆதாரம் காட்டும் மேற்கோளே இல்லையென்றால் உடனே நீக்கலாம். உயிரோடிருப்பவர்கள் பற்றிய கொள்கையே அப்படித்தான் சொல்கிறது. விவாதம் முடியக் காத்திருக்க வேண்டாம்.

நீக்கியது திரும்பி வந்ததற்குக் காரணம், தொகுப்புச் சுருக்கத்தை (மாற்றத்துக்கான காரணத்தை எழுதும் சிறு பெட்டி) வெறுமையாக விட்டதாக இருக்கலாம். காரணம் சொல்லாத நீக்கம் கண்காணிப்பவர்களுக்கு விஷமமாகத்தான் தெரியும். கட்டுரையின் மாற்றங்களைப் பட்டியலிடும் வரலாற்றுப் பக்கத்தில், வரியை மீட்டவர் எழுதிய குறிப்பைப் பாருங்கள். அப்புறம் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் உறவை மறைக்காமல் எழுதுங்கள்.

2005இல் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரைக் கென்னடி கொலையோடு இணைத்த பொய் விக்கிப்பீடியாவில் 4 மாதம் அப்படியே கிடந்தது. இதுவும் ஒரு மனிதரின் நற்பெயர் சம்பந்தப்பட்டது, தயங்காதீர்கள்.

ஒன்று மட்டும்: அக்கா பொதுவாழ்வில் இருப்பவர், நம்பகமான பத்திரிகைகள் பலவும் கைதை எழுதியிருக்கின்றன என்றால் வரி நிற்கும். அப்போது வழக்கின் முடிவையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.