நிலத்தை விற்றுக் கொடுத்தே ஆக வேண்டுமா?

சகோதரருக்கு ஸ்தோத்திரம். மாற்கு சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தில், இயேசு ஒரு பணக்காரனிடம் எல்லாவற்றையும் விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னதை வாசித்ததிலிருந்து, அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட மனசு உறுத்துகிறது, வீட்டம்மா சம்மதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். அந்தப் பணக்காரனிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்ன இயேசு, வரி வசூலித்த சகேயு ஏழைகளுக்கு "ஆஸ்தியில் பாதி" என்றபோது மீதி எங்கே என்று கேட்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் பர்னபா என்ற விசுவாசி நிலத்தை விற்று முழுப் பணத்தையும் அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தார், உண்மைதான். ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே பேதுரு, அப்படியே நிலம் விற்ற அனனியாவிடம், விற்கும் முன் அது உன்னுடையதாகத்தானே இருந்தது என்கிறார். பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்துப் பொய் சொன்னதற்குத்தான் அனனியா விழுந்து இறந்த அந்தத் தண்டனை.

பத்திரம் உங்கள் பேரில் இருக்கலாம். வீட்டம்மாவை மீறிக் கையெழுத்துப் போட்டால் கொடுத்த புண்ணியம் உங்களுக்கு, இழப்பு அவருக்கு! இது என்ன நியாயம்?

இந்த வருஷக் குத்தகைப் பணத்தை மட்டும் முழுசாகக் கொடுத்துப் பாருங்கள். யாருக்கு என்பதை வீட்டம்மாவே முடிவு செய்யட்டும். உலை வைக்கும் முன் காணிக்கைக்கென்று பிடி அரிசி எடுத்துவைக்கிற கைகள் அவை; தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது நம்மைவிட அவர்களுக்குத்தான் தெரியும். விற்பனைப் பேச்சை அடுத்த அறுவடைக்குப் பிறகு எடுங்கள்.