கடலடியில் புதைத்த காபனீரொட்சைட்டு கசிந்தால் மீன் செத்துவிடுமா? கணினி மாதிரியை நம்பலாமா?

கேள்வி கேட்ட தங்கச்சி உயர்தரம் படிக்கிறாராம், அப்பா வாழைச்சேனையில் கடல்தொழில். நோர்வேக்காரர் காபனீரொட்சைட்டைக் கடலுக்கு அடியில் புதைப்பதைப் பற்றிப் படித்திருக்கிறார். ஒருநாள் அது கசிந்தால் மீன் எல்லாம் செத்து மிதக்குமா, கணினி மாதிரி அதை முன்கூட்டியே சொல்லுமா என்று கேட்டிருக்கிறார். என் முதுமாணி ஆய்வு இப்படியான கசிவைக் கணக்கிடும் கணினி மாதிரியைப் பற்றியதுதான். மட்டக்களப்பு வாவிக் கரையில் வளர்ந்தவன் என்பதால் மீனைப் பற்றிய பயமும் எனக்குப் புரியும்.

முதலில் ஒன்று. வாயுவைக் கடல் நீருக்குள் விடுவதில்லை. நோர்வேக்குச் சொந்தமான வட கடல் பகுதியில், ஸ்லெய்ப்னர் என்ற இடத்தில் 1996 முதல் கடலடித் தரைக்குக் கீழே இன்னும் 800 முதல் 1000 மீற்றர் ஆழத்தில், உப்புநீர் ஊறிக் கிடக்கும் மணற்கல்லுக்குள் செலுத்துகிறார்கள். அந்த அழுத்தத்தில் அது வாயுவாக இராது, திரவம் போல அடர்ந்துவிடும். ஆனாலும் உப்புநீரை விட லேசு, ஆகவே மேலே வரத்தான் பார்க்கும். மேலே மூடி போல இருக்கும் களிப்பாறை அதைத் தடுக்கிறது. அந்த மூடியில் வெடிப்பு இருந்தாலோ, பழைய எண்ணெய்க் கிணறு ஒன்று சரியாக அடைபடாமல் இருந்தாலோ கசிவுக்கு வழி உண்டு.

சரி, கசிந்துவிட்டது என்று வைப்போம். சோடாப் போத்தலைத் திறந்தால் குமிழி மேலே வர வரப் பருக்கும், ஏனென்றால் அந்த நீரில் வாயு ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிக் கரைந்திருக்கிறது. கடலில் நடப்பது நேர்மாறு. கடல் நீருக்கு அந்த வாயுவைக் குடிக்க இன்னும் நிறைய இடம் இருக்கிறது. குளிர்ந்த நீர் என்றால், ஒரு லீற்றர் நீர் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொள்ளும். அதனால் குமிழி ஏற ஏற இளைக்கும். ஐந்து மில்லிமீற்றர் குமிழி ஒன்று விநாடிக்குச் சுமார் 25 சென்ரிமீற்றர் ஏறும் என்று வைத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டாலே, ஐந்தாறு மீற்றருக்குள் அதன் காபனீரொட்சைட்டு முழுக்கக் கரைந்துபோவது தெரியும். நம்முடையது போன்ற வெப்பக் கடலில் கரைவு குறைவு, ஆகவே கொஞ்சம் கூடுதலாக ஏறலாம். எப்படியும் ஆழக் கடலில் ஒரு சிறு கசிவு மேலே நிற்கும் வள்ளத்துக்குத் தெரியவே தெரியாது. வாயு கரைந்த நீர் அமிலப் பக்கம் சாயும், சுற்றியுள்ள நீரை விடக் கனமும் கூடியது, அது தரையோடு படிந்து நீரோட்டம் இழுக்கும் பக்கம் நகரும். நீந்தும் மீன் விலகிப் போய்விடும். அமிலம் ஏறிய அந்த நீரில் மாட்டிக்கொள்பவை மட்டி, புழு, கடல் முள்ளெலி போன்ற தரைவாசிகள்.

இது வெறும் கணக்கு இல்லை. 2012இல் ஸ்கொட்லாந்தின் ஓபான் ஊருக்குப் பக்கத்தில், கடலடித் தரைக்கு 11 மீற்றர் கீழே 37 நாட்களில் 4.2 தொன் வாயுவை வேண்டுமென்றே விட்டுப் பார்த்தார்கள். குமிழியாக வெளியே வந்தது ஏறக்குறைய 15 வீதம்தான், மிச்சம் சேற்றிலும் அதற்குள் இருந்த நீரிலும் தங்கிவிட்டது. என்னைக் கவர்ந்தது இன்னொன்று: வற்றின்போது குமிழி கூடியது, பெருக்கின்போது குறைந்தது. மேலே நிற்கும் நீரின் பாரம் குறைந்தால் வாயு இலகுவாக வெளியேறும். ஒரேயொரு நேரத்தில் போய் அளந்திருந்தால் பிழையான விடைதான் கிடைத்திருக்கும்.

மாதிரி தடுமாறும் இடங்களும் உண்டு. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறோம். ஒரு கிலோமீற்றர்க் கட்டம் என்றால் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தை மூன்று தரம் அடுத்தடுத்து வைக்கலாம், அவ்வளவு இடத்துக்கும் ஒரே பெறுமானம். சில மீற்றர் அகலக் கசிவு அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடும். கசிவைச் சுற்றி நெருக்கமான கட்டமும் தூரத்தே பெரிய கட்டமும் போடுவது அதனால்தான். அடுத்தது, எவ்வளவு கசியும் என்பதை மாதிரி தானாகக் கண்டுபிடிக்காது. அதை நாங்கள்தான் கொடுக்க வேண்டும், பாறையைப் பற்றிய அறிவு எவ்வளவோ அவ்வளவுதான் அதன் நம்பகம்.

ஆனால் எனக்கு மிகப் பெரிய பிரச்சினையாகப் பட்டது, கசிவுக்கு முன் அந்தக் கடல் எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாமை. இதை நான் படித்த நாட்டில் அல்ல, வாவியில்தான் விளங்கிக்கொண்டேன். விடுமுறையில் வந்தபோது மாமாவின் தோணியைக் கட்டும் இடத்தில் நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பீஎச் மானியையும் ஒட்சிசன் மானியையும் இறக்கினேன். விடிய முன்னர் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம், அதே கம்பு, அதே ஆழம். பின்னேரத்தை விட விடியற்காலையில் நீர் அமிலப் பக்கம் சாய்ந்திருந்தது. இரவு முழுக்கப் பாசியும் மீனும் மூச்சுவிட்டுக் காபனீரொட்சைட்டைச் சேர்க்கின்றன, பகலில் பாசி வெயிலில் அதை எடுத்துக்கொள்கிறது. கருவியைப் பார்க்காமலே மாமா சொன்னார்: "மீன் மேல வந்து வாயைப் பிளந்தா தண்ணிக்கு மூச்சில்ல எண்டு அர்த்தம்." அதுதான் முக்கியமான துப்பு. உயிர்களின் மூச்சால் காபனீரொட்சைட்டு கூடினால் ஒட்சிசன் கூடவே குறையும். கீழிருந்து கசிந்த வாயுவால் கூடினால் ஒட்சிசன் பெரிதாக அசையாது. இரண்டையும் சேர்த்து அளந்தால்தான் கசிவையும் இயற்கை ஏற்ற இறக்கத்தையும் பிரிக்க முடியும். மாரி வெள்ளம் முகத்துவாரத்தை உடைத்துப் பாயும் மாதமும், கச்சான் காற்று அடித்து வாவி வற்றும் மாதமும் ஒன்றல்லவே, ஆகவே ஒரு ஆண்டாவது தொடர்ந்து அளக்க வேண்டும்.

ஆகவே தங்கச்சி, குமிழி எங்கே கரையும், அமில நீர் எந்தப் பக்கம் போகும், கருவியை எங்கே வைத்தால் கசிவு அகப்படும் என்பதற்கு மாதிரியை நான் நம்புவேன். எப்போது கசியும் என்று அதனிடம் கேட்க மாட்டேன். அப்பாவின் வலைக்கு நோர்வேயில் புதைத்ததால் ஒன்றும் வராது. நாளை நம் கிழக்குக் கடலில் யாராவது துளைக்க வந்தால், மாதிரியின் வண்ணப் படத்தைக் காட்டும் முன், குறைந்தது ஓராண்டு எடுத்த பீஎச், ஒட்சிசன் பதிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.