நோத்ர தாம் பேராலயம் அருகிலேயே இருக்க, பாரிஸில் சேந்த் ஷப்பெல் ஏன் தனியாகக் கட்டப்பட்டது?

நோத்ர தாம் ஆயருடைய ஆலயம். சேந்த் ஷப்பெலோ அரண்மனை வளாகத்திற்குள், ஆயரின் அதிகாரத்திற்கு உட்படாமல், மன்னர் தமக்கென எழுப்பிக்கொண்ட சிற்றாலயம். இந்த வேறுபாட்டில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

கான்ஸ்டான்டிநோபிளை ஆண்ட லத்தீன் பேரரசர் இரண்டாம் பால்ட்வின் பண நெருக்கடியில் சிக்கியிருந்த காலத்தில், இயேசுவின் தலையில் சூட்டப்பட்டதாக நம்பப்படும் முள்முடி வெனிஸ் வணிகரிடம் அடகுக்குப் போயிருந்தது. பிரான்சின் ஒன்பதாம் லூயி அந்தக் கடனை அடைத்து அதை மீட்டார். 1239 ஆகஸ்டில் அது பாரிஸ் வந்தபோது, அரச உடையைக் களைந்துவிட்டு வெறுங்காலுடன் அதைச் சுமந்து நடந்தார். முள்முடிக்கு ஏறத்தாழ 1,35,000 லீவ்ர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) செலவானது என்றும், அதை வைப்பதற்காகவே எழுப்பப்பட்டு 1248 ஏப்ரல் 26 அன்று அர்ச்சிக்கப்பட்ட சேந்த் ஷப்பெலுக்கு 40,000 லீவ்ர் மட்டுமே ஆனது என்றும் சொல்வார்கள். பேழையை விட உள்ளிருக்கும் பொருளுக்கே விலை அதிகம்.

இதைப் பக்தி என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியாது என்பது என் கருத்து. மேல்தள ஆலயம் மன்னருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும், கீழ்த்தளம் அரண்மனைப் பணியாளர்களுக்கும் என்று பிரிக்கப்பட்டிருந்தது. பெரிய வெள்ளியன்று முள்முடி முதலான திருப்பண்டங்களை (புனிதமாகப் போற்றப்படும் நினைவுப் பொருள்களை) மக்களுக்கு எடுத்துக் காட்டியவரும் மன்னரே. மேல்தளத்தின் 15 சாளரங்களில் உள்ள 1,113 காட்சிகளில் விவிலிய அரசர்களின் கதைகள் விரிகின்றன. நுழைந்ததும் வலப்பக்கம் முதலாவதாக இருக்கும் சாளரத்திலோ, அந்த வரிசையின் நீட்சியாக, திருப்பண்டங்கள் பிரான்சுக்கு வந்த வரலாறும் லூயியின் உருவமும் இடம்பெறுகின்றன. தாவீது, சாலமோன் வழியில் தாமும் ஒருவர் என்பதை இதைவிட வெளிப்படையாக ஓர் அரசர் சொல்லியிருக்க முடியாது!

பிரெஞ்சுப் புரட்சியின்போது திருப்பண்டப் பேழை உருக்கப்பட்டது. முள்முடி 1806-இல் நோத்ர தாமுக்குச் சென்றது. புரட்சிக்குப் பிந்தைய ஆண்டுகளில் சேந்த் ஷப்பெல் நீதிமன்ற ஆவணக் கிடங்காக மாறியது. அலமாரிகளுக்காகச் சாளரங்களின் அடிப்பகுதிக் கண்ணாடிகள் அகற்றப்பட்டன.

நீங்கள் நேரில் பார்க்கப் போவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கண்ணாடிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 13-ஆம் நூற்றாண்டுக்குரியவை; மேற்கிலுள்ள வட்டச் சாளரம் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேர்க்கப்பட்டது; சுவர்களிலும் தூண்களிலும் பளபளக்கும் வண்ணப் பூச்சும் கூரைமேல் உள்ள கூர்கோபுரமும் 19-ஆம் நூற்றாண்டுப் புதுப்பிப்பின் வேலை. கீழ்த்தளத்தில் அந்தப் பூச்சு சற்று மிகையாகவே எனக்குத் தோன்றுகிறது.