ஓடும்போது மட்டும் ஃபிஷ் ஃபைண்டரில் ஆழம் காணாமல் போவது ஏன்?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: அவுட்போர்டு இன்ஜின் பொருத்திய ஃபைபர் படகில் உள்ள ஃபிஷ் ஃபைண்டர் (ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி), படகு நிற்கும்போது ஆழத்தைச் சரியாகக் காட்டுகிறது; படகு வேகம் எடுத்தவுடன் திரையில் கடல் தரையைக் காட்டும் தரைக்கோடு மறைந்து ஆழ எண் மினுக்குகிறது; சில நேரங்களில் செட் (திரையுள்ள பெட்டி) தானாகவே அணைந்து மறுபடி எரிகிறது. விற்ற கடையில் டிரான்ஸ்டியூசரை (தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைப் பெறும் உறுப்பை) மாற்றச் சொல்லிவிட்டார்கள், மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நிற்கும்போது ஆழத்தைச் சரியாகக் காட்டும் டிரான்ஸ்டியூசர் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். நீங்கள் சொல்லியிருப்பது ஒரே கோளாறும் அல்ல: தரைக்கோடு மறைவது அநேகமாகத் தண்ணீர் தொடர்பானது, செட் அணைந்து எரிவது மின்சாரம் தொடர்பானது. தூத்துக்குடிப் பக்கம் படகுகளில் இத்தகைய கருவிகளைப் பொருத்தியும் பழுது பார்த்தும் வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: செட்டே கெட்டுவிட்டது என்று கொண்டுவரப்படுபவற்றில் பெரும்பாலானவற்றின் பழுது செட்டுக்கு வெளியேதான் இருக்கும்.

முதலில் தண்ணீர். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்கிறது. 30 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டுத் திரும்பும் ஒலி 60 மீட்டர் பயணம் செய்து 40 மில்லிநொடியில் வந்து சேர, அந்த நேரத்தைத்தான் கருவி ஆழமாக மாற்றிக் காட்டுகிறது. டிரான்ஸ்டியூசரின் முகத்துக்கும் தண்ணீருக்கும் இடையே மெல்லிய காற்றுப்படலம் புகுந்தாலே போதும், ஒலி வெளியேறாமல் அங்கேயே திருப்பி அனுப்பப்பட்டுவிடும். படகு ஓடும்போது அடிப்பக்கத்து வரிகள், திருகாணித் தலைகள், தண்ணீர் உறிஞ்சும் துவாரங்கள் ஆகியவற்றின் பின்னால் குமிழிகள் கோடுபோல ஓடி வருகின்றன. அந்தக் கோட்டில் டிரான்ஸ்டியூசர் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும் அதனால் ஒன்றும் செய்ய இயலாது.

இதை உறுதி செய்துகொள்ளச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. படகைக் கட்டி நிறுத்திய நிலையில், கியரை நியூட்ரலில் வைத்து இன்ஜினை முறுக்குங்கள். படகு நகராமலிருந்தும் திரையில் புள்ளிகளும் கோடுகளும் பெருகினால், இன்ஜினின் மின் இரைச்சல் செட்டுக்குள் நுழைகிறது என்று பொருள். முறுக்கியும் படம் தெளிவாக இருந்து, படகு ஓடத் தொடங்கியபின் மட்டும் தரைக்கோடு அறுந்தால், அது குமிழியின் வேலை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் சென்சிட்டிவிட்டியை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பது வீண்.

குமிழிதான் காரணம் என்றால், பின்பலகையில் டிரான்ஸ்டியூசர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஃபைபர் படகில் அதன் முகம் அடிமட்டத்தைவிட மூன்று மில்லிமீட்டர் அளவுக்கேனும் கீழே இறங்கியிருக்க வேண்டும். முன்விளிம்பைவிடப் பின்விளிம்பு சற்றே தாழ்ந்திருப்பது நல்லது, அப்போதுதான் ஓடும்போது தண்ணீர் முகத்தை விட்டு விலகாமல் அழுத்திக்கொண்டே செல்லும். ஆனால் மிகவும் தாழ்த்திவிட்டால் பின்னால் தண்ணீர் பீறிட்டு அடிப்பதோடு டிரான்ஸ்டியூசரே புதிய குமிழிகளை உண்டாக்கிவிடும். பெரும்பாலான இன்ஜின்களின் புரொப்பல்லர் பின்னாலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுற்றுவதால், அதன் இலைகள் கீழ்நோக்கி இறங்கும் வலப்பக்கத்தில், புரொப்பல்லரிலிருந்து ஒரு முழமாவது தள்ளிப் பொருத்துவதே வழக்கம். புதிய துளை போடுமுன் படகை ஓடவிட்டு, பின்பலகையை ஒட்டித் தண்ணீர் எந்த இடத்தில் நுரையின்றி வழுவழுப்பாகப் பிரிகிறது என்று கவனியுங்கள். அந்த இடம்தான் உங்களுக்கு வேண்டும்.

துறைமுகத்தில் கட்டாமல் கரையில் இழுத்துப் போடும் படகுகளுக்கு இந்த ஏற்பாடே பெரும் தொல்லை. டிராக்டர் இழுக்கும்போது மணலில் உரசி முகம் தேயும், தாங்கி உடையும், கேபிள் நசுங்கும். அத்தகைய படகுகளுக்கு டிரான்ஸ்டியூசரை உட்புறத்தில், அடித்தளத்தோடு எப்பாக்ஸி கொண்டு ஒட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் ஒட்டும் இடம் முழுக்கக் கெட்டியான ஃபைபராக இருக்க வேண்டும். நடுவில் ஃபோமோ மரப்பலகையோ இருந்தால் ஒலி கடக்காது. நம் ஊர்ப் படகுகளில் பல அறைகளை ஃபோம் கொண்டு நிரப்பிவிடுகிறார்கள் என்பதை மறக்கலாகாது. ஆகவே ஒட்டுமுன், படகு தண்ணீரில் இருக்கும்போது, கெட்டியான பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் அமிழ்த்தி, தளத்தையும் ஈரமாக்கி அதன்மேல் வைத்துப் பாருங்கள். நின்றபடியும் ஓடியபடியும் ஆழம் நிலையாகத் தெரிந்தால் அங்கேயே ஒட்டலாம். மெதுவாக இறுகும் எப்பாக்ஸியை வாங்கி, குமிழி விழாதபடி நிதானமாகக் கலக்க வேண்டும். பசைக்குள் சிக்கிய குமிழியும் குமிழிதான். ஒலி ஃபைபரைக் கடக்க வேண்டியிருப்பதால் ஆழத்தில் சிறிது வலு குறையும், செட் காட்டும் வெப்பநிலையும் கடலுடையதாக இல்லாமல் படகின் தளத்துடையதாக இருக்கும்.

இனி, செட் அணைந்து எரிவது. சிறிய அவுட்போர்டு இன்ஜின்கள் பலவற்றில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் வசதி இல்லை. வீட்டில் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவரும் பேட்டரியில்தான் ஜிபிஎஸ், வயர்லெஸ், விளக்கு, ஃபிஷ் ஃபைண்டர் எல்லாமே ஓடுகின்றன. நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் அளவுக்குக் காட்டும். பெரும்பாலான செட்டுகள் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அணைந்துவிடும். மல்டிமீட்டரைக் கொண்டு, செட் எரிந்துகொண்டிருக்கும்போதே, பேட்டரி முனையில் ஒரு முறையும் செட்டின் பின்னால் வந்துசேரும் இடத்தில் ஒரு முறையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் குற்றவாளி இடையில் ஒளிந்திருக்கிறது: மெல்லிய வயர், தளர்ந்த ஃபியூஸ் தாங்கி, அல்லது முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. அந்த இணைப்பு வெளியிலிருந்து பார்க்க நன்றாகவே இருக்கும். டேப்பைப் பிரித்தால் செம்பு இழைகள் பச்சை பூத்து, விரலால் தொட்டதும் பொடியாக உதிரும். உறைக்குள்ளும் அந்தப் பச்சை ஏறியிருக்கும் என்பதால், பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டி எறிந்துவிட்டு, வெள்ளீயம் பூசிய வயரைக் கொண்டு புதிதாக இணைத்து, உட்புறம் பசையுள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள். படகு அதிரும்போதெல்லாம் அணைந்து எரிவது பெரும்பாலும் இத்தோடு தீரும். செட்டுக்கென்று தனியாகப் பேட்டரியிலிருந்தே வயர் இழுத்து, கையேட்டில் சொல்லியிருக்கும் அளவு ஃபியூஸைப் போடுவது சிறந்தது. அடிக்கடி போகிறது என்பதற்காகப் பெரிய ஃபியூஸைப் போடுவோரைப் பார்க்கையில் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நியூட்ரல் சோதனையில் இரைச்சல் தெரிந்திருந்தால், டிரான்ஸ்டியூசர் கேபிள் இன்ஜின் வயரோடும் வயர்லெஸ் ஆண்டெனா கேபிளோடும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரித்துப் படகின் மறுபக்கமாகக் கொண்டுசெல்லுங்கள். கேபிள் நீளமாக இருக்கிறதே என்று வெட்டிவிடாதீர்கள், சுருட்டி வைத்தால் போதும். ஒரே மீன்பிடி இடத்தில் பல படகுகள் கூடி நிற்கும்போது திரையில் சாய்வாக விழும் சிறு கோடுகள் பக்கத்துப் படகின் ஒலியால் வருபவை. குறுக்கீட்டைக் குறைக்கும் அமைப்பை ஒரு படி ஏற்றினால் அவை மறையும்.

பழுதே இல்லாமல் பழுதுபோலத் தோன்றுபவையும் உண்டு. பார் (கடலடிப் பாறைத்திட்டு) போன்ற கெட்டியான தரையில், 5 பாக ஆழத்தில் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி), ஒலி தரைக்கும் கடல்மட்டத்துக்கும் இடையே இருமுறை சென்று வருவதால் 10 பாகத்தில் இரண்டாவது தரைக்கோடு ஒன்று தெரியும். சில நேரம் செட் அதையே பிடித்துக்கொண்டு ஆழத்தை இரட்டிப்பாகச் சொல்லும். ஆழ வரம்பைக் கையால் குறைத்து வைத்தால் சரியாகிவிடும். சந்தேகம் வந்தால் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளக்கலாம். ஆழ்கடலில் தரை கிடைக்கவில்லை என்றால் 200 கிலோஹெர்ட்ஸிலிருந்து 50 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். குறைந்த அலைவெண் ஆழமாகச் செல்லும், ஆனால் படம் சற்றுப் பருமனாக வரும். திரையில் மீன் பொம்மை காட்டும் வசதியை நான் எப்போதும் அணைத்தே வைப்பேன். குமிழியையும் மிதக்கும் குப்பையையும்கூட அது மீனாக்கிவிடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் டிரான்ஸ்டியூசர்மீதே சந்தேகம் நீடித்தால், முதலில் அதன் முகத்தில் கொட்டலசும் (ஒட்டி வளரும் ஓட்டுயிரி) பாசியும் படிந்திருக்கிறதா என்று பார்த்து, மென்மையான பஞ்சாலும் சோப்புத் தண்ணீராலும் துடையுங்கள். தின்னர், அசிட்டோன் ஆகியவை பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பிறகு செட்டைப் போட்டுவிட்டு முகத்தைக் காதருகே வைத்துக் கேளுங்கள். டிக் டிக் என்ற ஒலி வந்தால் அது துடிக்கிறது. நெடுநேரம் காற்றில் இயங்கவிட வேண்டாம், சூடாகும். சில செட்டுகள் டிரான்ஸ்டியூசரை உணரவில்லை என்றால் தாமாகவே மாதிரிப் படத்தை ஓட்டத் தொடங்கிவிடும். கரையில் நின்றுகொண்டே அழகழகான மீன் கூட்டம் தெரிகிறதென்றால் இணைப்புப் பின்னைத்தான் பார்க்க வேண்டும். இறுதியாக, உங்களுடைய அதே மாடலை வைத்திருப்பவரிடம் டிரான்ஸ்டியூசரைச் சிறிது நேரத்துக்கு வாங்கி, உங்கள் செட்டில் மாட்டி, படகுக்கு வெளியே தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். அதில் தரை தெளிவாகத் தெரிந்து, அதே இடத்தில் அதேபோலத் தொங்கவிட்ட உங்களுடையதில் தெரியாவிட்டால், அப்போது கடைக்காரர் சொன்னபடி புதியது வாங்கலாம்.