சிப்பிக் குழம்பும் மரத்த உதடும்

கேள்வி: மலேசியாவில் ரந்தாவ் பக்கத்தில் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறோம். ஞாயிறுதோறும் என் கணவரும் கொழுந்தனும் போர்ட்டிக்சன் கரையோரப் பாறைகளிலிருந்து சிப்பி பெயர்த்து வருவார்கள். மாமியார் மஞ்சளும் பூண்டும் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்து, உள்ளே ஒரு வெள்ளிக் காசைப் போட்டுப் பார்ப்பார். காசு கறுக்காவிட்டால் விஷம் இல்லை என்பது அவர் கணக்கு. போன மாதம் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் கணவருக்கு உதடும் விரல் நுனியும் மரத்துவிட்டன. இரவுக்குள் சரியாகிவிட்டது, மிளகாய்க் காரம் என்று விட்டுவிட்டோம். கடல் நீர்கூடச் சிவப்பாக இல்லை. ஐந்து வயது மகனுக்குச் சளி. சிப்பி ரசம் தரலாமா? எடுத்து வந்ததில் கொஞ்சம் ஐஸ்பெட்டியில் இருக்கிறது.

பதில்: தர வேண்டாம். ஒரு கரண்டிகூட வேண்டாம்.

மிளகாய் எரிக்கும், உதட்டை மரக்க வைக்காது, விரல் நுனி வரை போகவும் செய்யாது. உங்கள் கணவருக்கு வந்தது சாக்சிடாக்சின் என்ற நஞ்சின் முதல் அறிகுறிகளுடன் அப்படியே பொருந்துகிறது. கடலில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத சில நுண்பாசிகள் இதை உண்டாக்குகின்றன. சிப்பி நாள் முழுவதும் கடல் நீரை வடிகட்டி அந்தப் பாசியைத் தின்னும். நஞ்சு அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும், ஆனால் சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. பார்க்கப் புதிதாக, மணமாக, வாய் இறுக மூடியபடிதான் இருக்கும். நீர் நிறம் மாறாத நாளிலும் ஆபத்தான அளவுக்கு நஞ்சு ஏறியிருக்கலாம். ஆகவே கடலின் நிறத்தை நம்பாதீர்கள்.

வெள்ளிக் காசு கறுப்பது கந்தகச் சேர்மங்களால். கெட்டுப்போன சிப்பியில் அது ஒருவேளை கறுக்கும். நஞ்சேறிய நல்ல சிப்பியில் பளபளவென்றே கிடக்கும். மாமியாரைக் குறை சொல்லவில்லை. சாதாரணக் கிருமிகளுக்கு அவருடைய கொதி நீர் நல்ல மருந்துதான். இந்த நஞ்சோ கொதித்தாலும் அழியாது, ஐஸ்பெட்டியில் உறைய வைத்தாலும் அழியாது. மஞ்சள், புளி, பூண்டு எதற்கும் அடங்காது. நீரில் எளிதில் கரையும் என்பதால் கொதிக்கக் கொதிக்கச் சதையிலிருந்து சாற்றுக்கு இறங்கும். நீங்கள் மகனுக்குத் தர நினைப்பது அந்தச் சாற்றைத்தான்.

1987இல் குவாத்தமாலாவில் ஒரு கடலோர ஊரில் மட்டிச் சூப்பு குடித்து 187 பேர் நோயுற்றார்கள். 26 பேர் இறந்தார்கள். சிறு பிள்ளைகளில் பாதிப் பேர் பிழைக்கவில்லை. பெரியவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். பிள்ளையின் உடல் சிறியது. பெரியவரை மரக்க வைத்து விட்டுவிடும் அளவு அவனுடைய மூச்சை நிறுத்திவிடும்.

இது வெளிநாட்டுக் கதை மட்டுமல்ல. மலேசியாவின் சபா மாநிலத்தில் 1976 முதல் இந்த நஞ்சு உயிர்களைப் பறித்து வருகிறது. தீபகற்ப மலேசியாவில் 1991இல் மலாக்கா செபாத்துவில் தலைகாட்டியது. 2001இல் கிளந்தான் தும்பாட்டில் ஓர் உயிர் போனது. 2024 ஏப்ரலில் நீங்கள் சிப்பி எடுக்கும் அதே போர்ட்டிக்சன் கடலில் கிடைத்த சிப்பியைச் சாப்பிட்டுப் பலர் நோயுற்றார்கள். மீன்வளத் துறை அங்கே சிப்பி எடுக்கத் தடை போட்டது. 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராமுக்கு மேல் நஞ்சு இருந்தால் விற்கக் கூடாது என்பதே பொதுவான வரம்பு. அதை ஆய்வுக்கூடத்தில்தான் அளக்க முடியும்.

உடலுக்குள் நடப்பது இது. நரம்பு வழியே செய்தி ஓடுவதற்குச் சோடியம் நுழையும் சிறு வாசல்கள் உண்டு. சாக்சிடாக்சின் அவற்றை அடைத்துவிடும். முதலில் உதடும் நாக்கும் மரக்கும்; பிறகு முகம், விரல்கள். உடல் மிதப்பது போலிருக்கும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். நான் மிகவும் அஞ்சுவது இந்தக் கட்டத்தைத்தான். ஞாயிறு மாலை ஒருவர் குழறினால், தள்ளாடினால், குடித்திருக்கிறார் என்று படுக்க வைத்துவிடுவோம். அவர் உறங்கிக்கொண்டிருக்கும்போதே மூச்சிழுக்கும் நெஞ்சுத் தசைகள் ஓய்ந்துவிடக்கூடும்.

சிப்பியோ, லாலா, கெராங் போன்ற மட்டி வகைகளோ சாப்பிட்டபின் உதடு மரத்தால் காத்திருக்காதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள். தோட்டத்துச் சிறு கிளினிக்கில் நேரத்தைப் போக்காமல், சுவாசக் கருவி இருக்கும் சிரம்பான் பொது மருத்துவமனைக்குப் போய்ச் சேருங்கள். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு சிறுநீரில் வெளியேறும் வரை மூச்சைக் காப்பதுதான் சிகிச்சை. முதல் 12 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். கை கால் அசையாவிட்டாலும் நோயாளிக்கு நினைவு இருக்கும், நாம் பேசுவது காதில் விழும். பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டிருங்கள். மரத்த வாய்க்குள் மோரோ உப்பு நீரோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். மிச்சச் சிப்பியைப் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். அதே சட்டியில் சாப்பிட்ட எல்லோரையும் கூடவே அழைத்துப் போங்கள்.

ஒருமுறை வந்து போனால் உடல் பழகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பிக் கணவர் மறுபடி சாப்பிட வேண்டாம். பாறையிலிருந்து நீங்களே பெயர்த்த சிப்பியை விட்டுவிடுங்கள். ஆசையாக இருந்தால், தடை ஏதும் இல்லாத காலத்தில், எந்தக் கடலில் வளர்த்தது என்று சொல்லக்கூடிய கடையில் வாங்குங்கள். இந்த நஞ்சைப் பொறுத்தவரை மீன் சதை, இறால், கணவாய் பற்றிப் பொதுவாக அச்சம் வேண்டாம். சிறு மீனானால் குடலை எடுத்துவிட்டுச் சமையுங்கள். மகனின் சளிக்குக் கோழி ரசம் போதும்.

ஐஸ்பெட்டியில் இருப்பதை இன்றே கட்டிக் குப்பையில் போடுங்கள். வீட்டு நாய்க்கோ பூனைக்கோ வைக்காதீர்கள். அவற்றின் நரம்புக்கும் அதே வாசல்கள்தான்.