புண்ணாக்கும் என்.ஐ.ஆர். ரிப்போர்ட்டும்: இந்த மாதக் கடிதங்கள்

கேள்வி: ஒரே மூட்டைக் கடலைப் புண்ணாக்கு. ஒரு லேபில் புரதம் 41, இன்னொன்றில் 46. யார் சொல்வது பொய்?

இரண்டுமே சரி. 41 என்பது இருக்கிறபடி, 46 என்பது ஈரத்தைக் கழித்த உலர் எடைக்கு. ஈரம் 10 சதவீதம் என்றால் 41-ஐ 0.9-ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 46 வரும். எந்தக் கணக்கு என்று என்.ஐ.ஆர். (அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி அளக்கிற மெஷின்) ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் லேபுக்காரரிடம் சண்டைக்குப் போயிருக்கிறீர்கள்.

கேள்வி: பூஞ்சை விஷத்தையும் இதே மெஷினில் பார்த்துவிடலாமா?

முடியாது. மாட்டுத் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பி1 20 பிபிபிக்கு மேல் இருக்கக் கூடாது, அதாவது ஒரு டன்னில் 20 மில்லிகிராம். என்.ஐ.ஆர். சதவீதக் கணக்கில் இருக்கிற ஈரம், புரதம், எண்ணெய், நாரைத்தான் நம்பும்படி சொல்லும். விஷத்துக்கு எலைசா அல்லது எச்.பி.எல்.சி. என்கிற தனி லேப் சோதனைதான் வழி. மாடு தின்ற விஷத்தில் ஒரு பங்கு அஃப்ளாடாக்சின் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும், அந்தப் பாலைக் குழந்தைகள் குடிக்கிறார்கள். மழைக்காலக் கடலைப் புண்ணாக்கை இந்தச் சோதனை இல்லாமல் போடாதீர்கள்.

கேள்வி: 60 மூட்டை இறக்கினேன். மேல் மூட்டையில் ஒரு கட்டியை உடைத்து அனுப்பினேன், புரதம் 38 என்று வந்தது. வியாபாரியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

எதை வைத்துக் கேட்பீர்கள்? அந்த 38 அந்தக் கட்டியின் புரதம், 60 மூட்டையின் புரதம் இல்லை. எத்தனை தடவை எழுதினாலும் இப்படித்தான் வந்துகொண்டே இருக்கிறது: கவரைப் பிரித்தால் உள்ளே கைக்கு அடங்குகிற ஒரே கட்டி, கவர் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, எந்த மூட்டை, எந்தத் தேதி என்று ஒரு சொல் கிடையாது. அகச்சிவப்பு ஒளி மாதிரிக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும், கட்டியை அப்படியே வைத்தால் மேல்புறத்தை மட்டும்தான் படிக்கும். அதனால்தான் 1 மி.மீ. சல்லடையில் விழுகிற அளவுக்கு அரைத்துக் கிண்ணத்தில் நிரப்புகிறோம். எடுத்த இடமே தப்பு என்றால் அந்த வேலை முழுக்க வீண்.

ஒரு பண்ணையில் நானே குத்தூசி (மூட்டைக்குள் குத்தி மாதிரி எடுக்கிற கூர்க்குழாய்) போட்டு எடுத்தேன். மூட்டையின் மேல்பக்கம் நல்ல பழுப்புச் சில்லு வந்தது, அடியில் வெறும் தூள், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்று மணல். மணலை என்.ஐ.ஆர். நேராகப் பார்க்காது, எரித்து, அமிலத்தில் கரையாத சாம்பலை எடை போட்டால்தான் பிடிபடும்.

சரி, எப்படி எடுப்பது? குறைந்தது பத்து மூட்டை, ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி. எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டி, கட்டியை நொறுக்கி, நன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரியுங்கள். எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, அரைக் கிலோ மிஞ்சும் வரை மறுபடி மறுபடி இதையே செய்யுங்கள். அப்புறம் காற்றுப் புகாத கவரில் தேதி எழுதி அனுப்புங்கள். அடுக்கின் அடியில் கிடக்கும் மூட்டையையும் விடாதீர்கள்.

கேள்வி: செக்குப் புண்ணாக்கு, விலையும் குறைவு, கெல்டால் சோதனையில் புரதம் 52 வந்தது. தொடர்ந்து வாங்கலாமா?

உடனே நிறுத்துங்கள். எண்ணெய் மிச்சம் இருக்கிற செக்குப் புண்ணாக்கில் 52 வருவது அபூர்வம், சந்தேகப்பட வேண்டிய எண். கெல்டால் முறை நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறது, அந்த நைட்ரஜன் யூரியாவில் இருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. 100 கிலோவில் 1 கிலோ யூரியா கலந்தாலே புரத எண் சுமார் 2.5 ஏறும். புண்ணாக்குத் தூளோடு வறுக்காத சோயா மாவைச் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் மூடி வையுங்கள். திறந்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறினால் யூரியாதான். என்.ஐ.ஆர். ரிப்போர்ட்டில் ஜி.எச். (மெஷினைப் பழக்கிய மாதிரிகளில் இருந்து சரக்கு எவ்வளவு விலகியிருக்கிறது என்கிற எண்) 3-க்கு மேல் என்று இருந்தால், மெஷினுக்குப் பழக்கமில்லாத சரக்கு என்று அர்த்தம், அந்தப் புரத எண்ணை நம்ப வேண்டாம். கன்றுகளுக்கு இந்தப் புண்ணாக்கைக் காட்டவே காட்டாதீர்கள்.

கேள்வி: பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு கருகின நிறத்தில் இருக்கிறது. புரத எண் குறையவில்லை, பால் மட்டும் குறைகிறதே?

சூடு கொஞ்சம் பட்டால் நல்லது, புரதம் முதல் வயிற்றில் கரையாமல் தப்பிக் குடலுக்குப் போகும். கருகினால் நாரோடு ஒட்டிக்கொண்டு சாணியில்தான் போகும், ஆனால் மொத்தப் புரத எண் அப்படியே நிற்கும். ஏ.டி.ஐ.என்., அதாவது நாரோடு ஒட்டிப்போன நைட்ரஜனை அளக்கிற சோதனை, பார்க்கச் சொல்லுங்கள். கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் நடு அகச்சிவப்பில் அமைடு பட்டைகளை (புரதப் பிணைப்புகள் ஒளியை உறிஞ்சுகிற இடங்களை) வைத்து, சூட்டில் கனோலா என்கிற எண்ணெய் வித்தின் புரத வடிவம் மாறுவதை ஆராய்ந்திருக்கிறார்கள். நல்ல வேலை, ஆனால் உங்கள் மூட்டைக்கு இன்றைக்குத் தேவை ஏ.டி.ஐ.என்.

கேள்வி: கையடக்க என்.ஐ.ஆர். ஒன்று வாங்கலாமா? ஐந்து மாடு இருக்கிறது.

வேண்டாம். மீறி வாங்கினால், கலிபரேஷனில் (மெஷினைப் பழக்கிய மாதிரிகளில்) நம் ஊர்ப் புண்ணாக்கு எத்தனை மாதிரி சேர்த்திருக்கிறார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். இப்போதைக்கு ஒரு குத்தூசியும், மூட்டை தரையில் படாமல் அடுக்க நாலு பலகையும் வாங்குங்கள்.